ரெண்டே ரெண்டு பாயின்ட்... அடுத்த சீசனுக்கு ஆர்சனலுக்கு யார் வேணும்?

மே 19, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. என் போனில் ஆர்சனல் - எவர்ட்டன் மேட்ச். அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய போனில் மான்செஸ்டர் சிட்டி - வெஸ்ட் ஹாம். நாம ஜெயிக்கணும், சிட்டி ஜெயிக்கக் கூடாது. சிட்டி டிரா செய்தால்கூடப் போதும், கோல் வித்தியாசத்தில் கோப்பை நமக்கு. கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு ரெண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. 79-வது விநாடியில் ஃபோடன் கோல். 18-வது நிமிடத்தில் மறுபடியும் ஃபோடன். நடுவில் வெஸ்ட் ஹாமின் குடுஸ் பைசைக்கிள் கிக்கில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் ரோட்ரி. 3-1. இந்தப் பக்கம் 89-வது நிமிடத்தில் ஹாவர்ட்ஸ் கோல் அடித்து நாம் 2-1 என ஜெயித்தபோது, கொண்டாடவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "ஜெயிச்சுட்டீங்கதானே, அப்புறம் ஏன்டா இப்படி உட்கார்ந்திருக்க?" என்று அக்கா கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சிட்டி 91. ஆர்சனல் 89. ரெண்டு பாயின்ட்.

ஆனால் ஒன்று சொல்லணும் பாஸ். ஆர்டெட்டா வந்த முதல் ரெண்டு சீசனும் எட்டாவது இடம். அடுத்தது ஐந்தாவது இடம், 69 பாயின்ட். போன சீசன் ரெண்டாவது இடம், 84 பாயின்ட். இப்போது அதே ரெண்டாவது இடம், 89 பாயின்ட். ஒவ்வொரு வருஷமும் ஒரு படி ஏறியிருக்கிறோம். எட்டாவது இடத்தில் இருந்தபோது வாட்ஸ்அப் குரூப்பில் பட்ட கேலிகளை நினைத்தால், இது எவ்வளவு தூரம் என்று நமக்குத்தான் தெரியும்.

எட்டாவதிலிருந்து ரெண்டாவதுக்கு வர பத்து பேரை மாற்றலாம். ரெண்டாவதிலிருந்து முதலாவதுக்குப் போக யாரை மாற்றுவது? இதுதான் கஷ்டமான கேள்வி. 'ஒரு ஸ்ட்ரைக்கரை வாங்கிட்டா முடிஞ்சது மச்சி' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். அது சரிதானா என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

பாயின்ட் விட்ட பத்து மேட்ச் சொல்லும் கதை

38 மேட்ச்சில் 28 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. ஆக, பாயின்ட் கோட்டைவிட்டது பத்தே பத்து மேட்ச்சில்தான். அந்தப் பத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஜெயித்த 28 மேட்ச்சில் நாம் அடித்தது 83 கோல், வாங்கியது 14. மீதிப் பத்து மேட்ச்சில் அடித்தது வெறும் 8, வாங்கியது 15. அதாவது, சீசன் முழுக்க வாங்கிய 29 கோலில் பாதிக்கு மேல் இந்தப் பத்தில்தான் வந்திருக்கிறது. இதில் ஐந்து மேட்ச்சில் நாம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை: நியூகாசில், ஆஸ்டன் வில்லா ரெண்டு முறை, வெஸ்ட் ஹாம், அப்புறம் சிட்டியுடன் 0-0.

'பாத்தியா, ஸ்ட்ரைக்கர்தான் பிரச்னை' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இருங்க. கோல் அடிக்காதது ஒரு பாதி. அடித்த கோலைக் காப்பாற்றாதது மறுபாதி.

ஆகஸ்ட்டில் ஃபுல்ஹாம் மேட்ச்: எமிரேட்ஸில் 2-1 என முன்னிலை, எதிரணியில் பத்தே பேர், அப்போதும் 87-வது நிமிடத்தில் பாலின்யா கோல் அடித்து 2-2. செப்டம்பரில் டாட்டன்ஹாம் மேட்ச்: முதுகு வலியால் டெக்லன் ரைஸ் பாதியிலேயே வெளியேறினார். சாகா பெனால்ட்டியில் 2-1 ஆக்கிய அடுத்த நிமிடமே, ரைஸுக்குப் பதிலாக இறங்கிய ஜோர்ஜினியோ பந்தைப் பறிகொடுக்க, சன் கோல் அடித்து 2-2. டிசம்பர் கடைசியில் நான்கே நாளில் வெஸ்ட் ஹாமிடமும் ஃபுல்ஹாமிடமும் தோல்வி. இதில் எந்த ஒரு மேட்ச் மாறியிருந்தாலும் இந்தக் கட்டுரையின் தலைப்பே வேறு.

எல்லாவற்றையும்விட வலிப்பது ஏப்ரல். 9-ம் தேதி பேயர்னுடன் 2-2. 14-ம் தேதி சொந்த மைதானத்தில் வில்லாவிடம் 0-2. 84-வது நிமிடத்தில் ஒன்று, 87-வது நிமிடத்தில் ஒன்று. 17-ம் தேதி மியூனிக்கில் 0-1, சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியே. 2024 பிறந்ததிலிருந்து லீக்கில் 18 மேட்ச் ஆடி 16 ஜெயித்த டீம், தோற்ற ஒரே லீக் மேட்ச் அந்த வில்லா மேட்ச்தான். ஒன்பது நாளில் சீசன் கையைவிட்டுப் போனது. திறமை இல்லாமல் போகவில்லை. கால் ஓய்ந்து போய்விட்டது. பெஞ்ச்சைத் திரும்பிப் பார்த்தால், அதே தரத்தில் ஆள் இல்லை.

ஹாலண்ட் முன்னால் நிற்க, உலகக் கோப்பை ஜெயித்த ஹுலியான் ஆல்வரஸ் அவருக்குப் பின்னால் காத்திருக்கிற டீம் சிட்டி. நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் முதல் பதினொரு பேரில் இல்லை. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை உள்ள ஆட்களில் இருக்கிறது.

இதை மனசில் வைத்து, என் லிஸ்ட் இதோ.

1. நடு மைதானம்: ரைஸை விடுவிக்க ஒருத்தர்

10 கோடிக்கும் மேல் பவுண்டு கொடுத்து வெஸ்ட் ஹாமிலிருந்து ரைஸை வாங்கியபோது 'இவ்வளவா?' என்றார்கள். இப்போது அதே ஆட்கள் 'இவ்வளவுதானா?' என்கிறார்கள். லீக்கில் 7 கோல் அடித்திருக்கிறார். டிஃபென்ஸுக்கு முன்னால் காவலாளாகவும் நிற்பார். கொஞ்சம் சுதந்திரம் கொடுத்தால் இடது பக்கமாக ஓடி பாக்ஸுக்குள்ளும் போய் நிற்பார்.

பிரச்னை என்னவென்றால், ஒரே நேரத்தில் ரெண்டு இடத்திலும் அவரால் நிற்க முடியாது. ஜோர்ஜினியோ பின்னால் இருந்து பந்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்போதுதான் ரைஸ் முன்னால் போக முடிந்தது. ஜோர்ஜினியோவின் மூளைக்கு வயசே ஆகாது. ஆனால் காலுக்கு 32 வயசு. இப்போதுதான் ஒப்பந்தத்தை நீட்டித்திருக்கிறார்கள், சந்தோஷம். அதற்காக வாரம் ரெண்டு மேட்ச் அவரை நம்பி ஓட்ட முடியாது. தாமஸ் பார்ட்டி சீசனின் பெரும்பகுதி காயத்தோடுதான் இருந்தார். அடுத்த மாதம் அவருக்கு 31. எல்னெனி கிளம்பிவிட்டார்.

அதனால், பந்தைப் பதற்றமில்லாமல் வாங்கி, திரும்பி, முன்னால் தள்ளுகிற இளம் மிட்ஃபீல்டர் ஒருவர்தான் என் முதல் தேவை. ரியல் சோஸியடாட்டின் ஸுபிமெண்டியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 25 வயசு, ஆர்டெட்டா பிறந்த அதே சான் செபாஸ்டியன்காரர். அவர் இல்லையென்றால் அதே வகையில் இன்னொருவர்.

இதில் ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். அப்படி ஒருவர் வந்தால் ரைஸ் நிம்மதியாக முன்னால் போகலாம். ரைஸ் முன்னால் போனால், ஹாவர்ட்ஸை மறுபடி மிட்ஃபீல்டுக்கு இழுக்கத் தேவையில்லை. அவர் ஸ்ட்ரைக்கராகவே தொடரலாம். பின்னால் ஒரு ஆளை வாங்கினால் முன்னால் ரெண்டு இடம் சரியாகிறது. டாட்டன்ஹாம் மேட்ச் மாதிரி ரைஸ் இல்லாத ஒரு நாளிலும் டீம் ஆடாமல் நிற்கும்.

2. வலது விங்: சாகாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

சாகாவுக்கு வயசு 22. இந்த சீசன் லீக்கில் 16 கோல், 9 அசிஸ்ட். எதிரணி ஒவ்வொரு வாரமும் ரெண்டு பேரை, சில நேரம் மூணு பேரைப் போட்டு அவரை உதைத்து உதைத்து நிறுத்துகிறது. அவரும் எழுந்து, சாக்ஸைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பந்தை வாங்குகிறார்.

பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக 87 மேட்ச் ஆடினார், தெரியுமா? போன அக்டோபரில் சிட்டி மேட்ச்சுக்குத் தொடைத் தசைக் காயத்தால் இறங்க முடியாமல் போனபோதுதான் அந்தத் தொடர் முடிந்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் இன்னொரு பக்கம் இருந்து பார்த்தால், 22 வயசுப் பையனுக்கு லீவு கொடுக்க நம்மிடம் ஆள் இல்லை என்பதற்கும் அதுவே சாட்சி. இந்த ஜூனில் இங்கிலாந்துக்காக யூரோ ஆடுவார். வந்ததும் அடுத்த சீசன். சாம்பியன்ஸ் லீக்கின் புது ஃபார்மட்டில் முதல் சுற்றே 6-க்குப் பதில் 8 மேட்ச். ஒரு நாள் அந்தத் தசை 'போதும்டா' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வோம்?

ரீஸ் நெல்சன் நல்ல பையன். போர்ன்மவுத்துக்கு எதிராகப் போன சீசன் கடைசி நிமிடத்தில் அவர் அடித்த கோலை யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் சாகா இல்லாத நாளில் எதிரணியின் லெஃப்ட் பேக் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதும் உண்மை. கிரிஸ்டல் பேலஸின் மைக்கேல் ஒலீஸே 19 மேட்ச்சில் 10 கோல் அடித்திருக்கிறார். இடது காலால் உள்ளே வெட்டிவரும் அதே வகை. அப்படிப்பட்டவர் பெஞ்ச்சில் உட்கார வருவாரா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் வருஷத்துக்கு 50 மேட்ச்சுக்கு மேல் ஆடும் டீமில் 'பெஞ்ச்' என்று ஒன்று கிடையாது. யாரும் யாருக்கும் மாற்று இல்லை, எல்லோருக்கும் வேலை இருக்கிறது. வருகிறவரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது ஆர்டெட்டாவின் வேலை.

3. லெஃப்ட் பேக்: ஒரு நாற்காலி, நாலு பேர்

ஸின்சென்கோ, டோமியாசு, கிவியோர், பிறகு முதல் மேட்ச்சிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து கிட்டத்தட்ட சீசன் முழுக்க உட்கார்ந்த டிம்பர். ஒரு இடத்துக்கு நாலு பேர் இருந்தும், 'இவர்தான் நம்ம லெஃப்ட் பேக்' என்று சொல்ல ஆள் இல்லை.

ஸின்சென்கோவிடம் பந்து இருக்கும்போது அவர் மிட்ஃபீல்டர். உள்ளே வந்து நிற்பார், பூட்டிய கதவைத் திறக்கிற பாஸ் கொடுப்பார். போன சீசன் நாம் ஆடிய அழகான ஆட்டத்தில் பாதி அவர் கொண்டுவந்தது. ஆனால் பந்து போய்விட்டால், அவர் விட்டு வந்த இடம் அப்படியே திறந்து கிடக்கும். எதிரணிகள் இதைப் படித்துவிட்டன. கிவியோர் அடிப்படையில் சென்டர் பேக். டோமியாசு எதைக் கொடுத்தாலும் செய்வார், கடைசி மேட்ச்சில் கோல்கூட அடித்தார். ஆனால் உடம்பு ஒத்துழைப்பதில்லை.

டிம்பர் திரும்பி வருவதே புது ஆள் வாங்கிய மாதிரிதான். இருந்தாலும் அவ்வளவு பெரிய காயத்திலிருந்து வருகிறவரிடம் முதல் நாளிலிருந்தே 38 மேட்ச் கேட்பது நியாயமில்லை. இடது காலில் ஆடுகிற, உயரமான, சென்டர் பேக்காகவும் நிற்கத் தெரிந்த டிஃபெண்டர் ஒருவர் வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாலிபா இந்த சீசன் லீக்கில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. 38 மேட்ச், ஒவ்வொரு நிமிடமும். போன சீசன் மார்ச்சில் அதே சாலிபா காயமடைந்த பிறகு என்ன நடந்தது? லிவர்பூல் 2-2, வெஸ்ட் ஹாம் 2-2, சவுத்தாம்ப்டன் 3-3, சிட்டியிடம் 4-1. 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தோம். ஒரே ஒரு டிஃபெண்டர் இல்லாமல் போனதற்கான விலை அது. இந்த வருஷம் அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. அதிர்ஷ்டத்தை டீம் ஷீட்டில் எழுத முடியாது.

4. ஸ்ட்ரைக்கர்: வேணும், ஆனா...

இப்போது எல்லோரும் காத்திருந்த இடம். ஸ்ட்ரைக்கரை நாலாவதாக வைத்ததற்கு என்னை குரூப்பிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்று தெரியும்.

உங்கள் வாதத்தை நானே சொல்கிறேன். டிசம்பரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 30 ஷாட் அடித்தோம். கோல் பூஜ்ஜியம். கேப்ரியல் ஜீசஸ் லீக் முழுக்க 4 கோல், எங்கெட்டியா 5. அந்தப் பக்கம் ஹாலண்ட் ஒருவரே 27. நியூகாசிலின் இசாக் 21. இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் இதையும் பாருங்க. நாம் அடித்த 91 கோல் சிட்டியைவிட ஐந்துதான் குறைவு. லிவர்பூலைவிட அதிகம். சாகா 16, ஹாவர்ட்ஸ் 13, ட்ரோஸார்ட் 12, ஒடேகார்ட் 8, ரைஸ் 7. கார்னரிலிருந்து மட்டும் 16 கோல். செட் பீஸ் கோச் நிக்கோலா ஜோவருக்குச் சிலையே வைக்கலாம். பிப்ரவரி தொடங்கி வெஸ்ட் ஹாமுக்கு 6, பர்ன்லிக்கு 5, நியூகாசிலுக்கு 4, ஷெஃபீல்டுக்கு 6 என்று நாலு மேட்ச்சில் 21 கோல் போட்டது ஸ்ட்ரைக்கர் இல்லாத டீம் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

ஹாவர்ட்ஸ் ஒரு ஸ்ட்ரைக்கராக என்ன செய்கிறார் என்பது ஹைலைட்ஸில் வராது. கோல்கீப்பர் நீளமாக அடிக்கிற பந்தைத் தலையால் வாங்கி வைக்கிறார். எதிரணி டிஃபெண்டரை முதல் ஆளாகப் போய்த் துரத்துகிறார். அவர் ரெண்டு பேரை இழுத்துக்கொண்டு போன இடத்தில்தான் சாகாவும் ட்ரோஸார்டும் கோல் அடிக்கிறார்கள். கோல் மட்டும் அடிக்கத் தெரிந்த ஒருவரை அங்கே போட்டால் இந்த வேலையை யார் செய்வது?

எனவே, ஸ்ட்ரைக்கர் வேண்டும். ஆனால் பதற்றத்தில் வாங்கக் கூடாது. லைப்சிக்கின் ஷெஷ்கோ எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில்தான் 21 ஆகிறது, உயரம், வேகம், ரெண்டு காலும் பேசும். ஹாவர்ட்ஸுக்குப் பின்னால் ஒரு வருஷம் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிற ஆள். ஸ்போர்ட்டிங்கின் யோக்கரேஸ் போர்ச்சுகல் லீக்கில் 29 கோல் அடித்து, டீமை சாம்பியனாக்கியிருக்கிறார். நியாயமான விலைக்கு இவர்களில் ஒருவர் கிடைத்தால் எடுக்கலாம். மொத்த பட்ஜெட்டையும் ஒரு ஒன்பதாம் நம்பர் ஜெர்ஸியில் கொட்டிவிட்டு, ஏப்ரலில் மறுபடி அதே களைத்த கால்களோடு நிற்பதற்கு, நான் வரவில்லை.

இடது விங்கும் ஒரு குட்டிக் கேள்விதான். மார்டினெல்லி போன சீசன் 15 கோல், இந்த சீசன் 6. ஆனால் 22 வயசு. அவருக்குப் பின்னால் ஓடி வருகிற நல்ல லெஃப்ட் பேக்கும், பக்கத்தில் ரைஸும் இருந்தால் தானாக மீண்டுவிடுவார் என்று நம்புகிறேன். அங்கே காசு தேவையில்லை, பொறுமை போதும்.

5. கோல்கீப்பர்: ராயாவுக்குக் கையெழுத்து, பின்னால் ஒருத்தர்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். பிரென்ட்ஃபோர்டிலிருந்து கடனாக வந்த ராயா 16 மேட்ச்சில் கோல் வாங்காமல் கோல்டன் குளோவ் ஜெயித்தார். போர்ட்டோ ஷூட் அவுட்டில் ரெண்டு பெனால்ட்டியைத் தடுத்தார். நிரந்தரமாக வாங்க வேண்டியதுதான். ராம்ஸ்டேல் மாதிரி ஒருவரை வருஷம் முழுக்க உட்கார வைப்பது பாவம். போகணும் என்றால் மரியாதையோடு அனுப்பணும். அப்படி அனுப்பினால் அனுபவமுள்ள இரண்டாவது கீப்பர் ஒருவர் வேண்டும்.

சரி, காசு?

இங்கேதான் மனசுக்குக் கஷ்டமான விஷயம். 2023-24 சீசனில் இருந்த பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று வருஷத்துக்குச் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. மீறினால் பாயின்ட் வெட்டு. இந்த சீசன் எவர்ட்டனுக்கு மொத்தம் 8 பாயின்ட், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4 பாயின்ட் போனதைப் பார்த்தோம்.

வாங்குகிற கணக்கு ஒரு மாதிரி, விற்கிற கணக்கு வேறு மாதிரி. 5 கோடிக்கு ஒருவரை 5 வருஷ ஒப்பந்தத்தில் வாங்கினால், புத்தகத்தில் வருஷத்துக்கு 1 கோடி என்று பிரித்துத்தான் எழுதுவார்கள். ஆனால் சொந்த அகாடமியில் வளர்ந்த ஒருவரை விற்றால், அவரை வாங்க எதுவும் செலவாகவில்லை என்பதால், வந்த தொகை முழுக்க அந்த வருஷத்து லாபம்.

அகாடமியில் வளர்ந்தவர்கள் யார்? எங்கெட்டியா. நெல்சன். அப்புறம்... ஸ்மித் ரோ.

பத்து வயசில் ஹேல் எண்ட் அகாடமிக்கு வந்த பையன். நாம் எட்டாவது இடத்தில் கிடந்த நாட்களில், சாகாவும் அவரும்தான் இந்த டீமைப் பார்க்க ஒரு காரணமாக இருந்தார்கள். 2021-22 சீசனில் பத்தாம் நம்பர் ஜெர்ஸியில் லீக்கில் 10 கோல். பிறகு காயம், பெஞ்ச், மறுபடி காயம். இன்று எக்செல் ஷீட்டில் அவர் பெயருக்கு நேரே 'முழு லாபம்' என்று இருக்கிறது.

மேலே நான் ஜாலியாகப் போட்ட லிஸ்ட்டில் உள்ள ஒரு மிட்ஃபீல்டருக்கோ விங்கருக்கோ விலை, அநேகமாக இவராகத்தான் இருக்கும். விற்கத்தான் வேண்டும் என்று மூளை சொல்கிறது. இப்போதைய டீமில் அவருக்கு இடமில்லை. வேறு கிளப்பில் வாரா வாரம் ஆடுவது அவருக்கும் நல்லது. ஆனால் டீம் வளர்கிறது என்றால், அது தத்தளித்த நாளில் தோள் கொடுத்தவனை வழியனுப்புவதும் அதில் ஒரு பகுதிதான் என்று யாரும் நமக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

ஆக, என் வரிசை: ஒரு மிட்ஃபீல்டர், சாகாவுக்குத் துணையாக ஒரு விங்கர், இடது கால் டிஃபெண்டர், காசு மிஞ்சினால் இளம் ஸ்ட்ரைக்கர், ஒரு பேக்கப் கீப்பர். நாலு பேர் வந்தாலே போதும். யாரும் பெரிய ஹீரோவாக இருக்க வேண்டியதில்லை. ஏப்ரலில் ஒன்பது நாளில் மூணு பெரிய மேட்ச் வரும்போது, 70-வது நிமிடத்தில் ஆர்டெட்டா திரும்பிப் பார்த்தால், எழுந்து வர ஆள் இருக்கணும். அவ்வளவுதான்.

கடைசியாக ஆர்சனல் லீக் ஜெயித்தது 2004-ல், ஒரு மேட்ச்கூடத் தோற்காமல். அப்போது நான் எல்.கே.ஜி. அந்த டீமை யூடியூபில்தான் பார்த்திருக்கிறேன். இருபது வருஷம் ஆச்சு. அடுத்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவிடம் போன் கேட்காமல், ஒரே ஒரு மேட்ச்சை மட்டும் பார்த்து முடிக்கணும் என்பதுதான் ஆசை.

உங்க லிஸ்ட்டில் முதல் இடம் யாருக்கு? ஸ்ட்ரைக்கர்னு சொல்றவங்க, அந்தப் பத்து மேட்ச்சை ஒருமுறை பார்த்துட்டு வாங்க. பேசுவோம்.